தேடுபொறியிடம் எவருடைய சொல்லில் கேட்பது?

‘பஞ்சமி’ என்ற ஒற்றைச் சொல்லைத் தேடுபொறியில் தட்டிப் பாருங்கள். வளர்பிறைப் பஞ்சமி எந்நாள், அன்று வாராகி அம்மனை எவ்வாறு வழிபடுவது என்ற விளக்கங்களே முன்வந்து நிற்கும். ‘நிலம்’ என்பதையும் சேர்த்தால் 2019-ஆம் ஆண்டுக்குப் போய்விடுவீர்கள். ‘அசுரன்’ திரைப்படமும், அதையொட்டி அரசியல் கட்சிகளிடையே எழுந்த வாக்குவாதமும் பக்கம் பக்கமாக வரும். தன் பாட்டனுக்கு வழங்கப்பட்ட இரண்டு ஏக்கர் இன்று யார் பெயரில் இருக்கிறது, அதை மீட்க எந்த அரசாணையைக் காட்ட வேண்டும் என்று தேடி வந்தவருக்கு இவ்விரண்டாலும் பயனில்லை. அவருக்கு வேண்டிய தாள் இணையத்தில் இருக்கவும் கூடும். அத்தாளில் ‘பஞ்சமி’ என்ற சொல் இல்லை என்பதே சிக்கல்.

தேடுபொறி என்பது இணையப் பக்கங்களுக்கு எழுதப்பட்ட மாபெரும் சொல்லடைவு. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று நூலின் இறுதியில் அச்சிட்டிருப்பார்களே, அதைப் போன்றது. நாம் இடும் சொல் உள்ள பக்கங்களை எடுத்து, பிற தளங்கள் எவற்றைச் சுட்டுகின்றன என்பது முதலான பல அளவுகோல்களைக் கொண்டு வரிசைப்படுத்தித் தருகிறது. இன்றைய பொறிகள் ஒத்த சொற்களையும் நம் உள்ளக்கிடக்கையையும் தாமே ஊகிக்கின்றன. ஆனால் அந்த ஊகம் பெரும்பான்மையின் பழக்கத்தைப் பின்பற்றுவது. நம்மைப் பற்றிய ஆவணங்களோ பெரும்பாலும் நாம் எழுதியவை அல்ல. ஆங்கிலேய ஆட்சியர் எழுதினார், கர்ணம் எழுதினார், காவல் ஆய்வாளர் எழுதினார், நாளிதழ்ச் செய்தியாளர் எழுதினார். ஒவ்வொருவரும் தமக்குப் பழகிய சொல்லால் நம்மைக் குறித்தனர். ஆகவே துல்லியமாகத் தேட விரும்புவோர் குறியீடுகளைக் கற்கும் முன், தாம் தேடும் தாளை எழுதியவர் எந்தச் சொல்லை எழுதியிருப்பார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பஞ்சமி நிலத்தையே எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891-இல் தம் அறிக்கையில் எழுதிய சொல், ஆங்கிலத்தில் இன்று வசைமொழியாகிவிட்ட ‘பரையா’. அவ்வறிக்கையின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று பிறப்பிக்கப்பட்ட, 1010 மற்றும் 1010-ஏ எண்ணிட்ட வருவாய்த்துறை அரசாணைகளே இந்நிலங்களுக்கு வேர். பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனை வருவாய் நிலையாணை 15-இல் இடம்பெற்றது. அங்குள்ள சொல் ‘டிப்ரஸ்டு கிளாஸ்’. கிராமப் பதிவேடுகளில் அது ‘டி.சி. நிலம்’ என்றும் ‘நிபந்தனை ஒப்படை’ என்றும் சுருங்கியது. (‘டி.சி. நிலம்’ என்று மட்டும் ஆங்கிலத்தில் இட்டால், அமெரிக்கத் தலைநகரில் மனை விற்பனைக்கு உள்ளது என்ற நற்செய்தி வந்து சேரலாம்.)

காலத்துக்குக் காலம் பெயர் மாறியது. 1922-இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து ‘ஆதி திராவிடர்’ என்ற பெயர் அரசு ஏடுகளில் நுழைந்தது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தோடு ‘பட்டியல் சாதி’ வந்தது. காந்தியார் பரப்பிய ‘ஹரிஜன்’ என்ற பெயரைத் தமிழக அரசுத் துறையொன்றே நெடுங்காலம் தாங்கியிருந்தது. ‘தலித்’ என்ற சொல்லைத் தமிழ் ஏடுகள் பரவலாக ஏற்றது 1990-களில்தான். எனவே 1957-ஆம் ஆண்டு முதுகுளத்தூர்க் கலவரத்தைத் ‘தலித்’ என்ற சொல்லைச் சேர்த்துத் தேடினால், அதைப் பற்றி இன்று எழுதப்பட்ட கட்டுரைகள் கிடைக்கும். அன்று எழுதப்பட்ட செய்தியும் சட்டமன்ற விவாதமும் வேண்டுமாயின் ‘ஹரிஜன்’ என்றே கேட்க வேண்டும். நாம் போராடிக் கைவிட்ட பெயரை, சில வேளைகளில் நம்மை இழிவுபடுத்தும் பெயரை, நம் விரலாலேயே தட்டுவது கசப்பானது. ஆயினும் பூட்டைச் செய்தவன் எந்தச் சாவியைச் செய்தானோ அதைத்தான் நுழைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சொற்கள் கைவந்த பின்னரே குறியீடுகள் பயன்தரும். இரட்டை மேற்கோள்குறிக்குள் இட்ட தொடரை அப்படியே தேடுமாறு பொறிக்குச் சொல்கிறோம். விலக்க வேண்டிய சொல்லுக்கு முன் இடைவெளியின்றிக் கழித்தல் குறி இட வேண்டும். பஞ்சமி நிலம் என்று எழுதி, அடுத்து கழித்தல் குறியுடன் திதி, வாராகி, அசுரன் என்பவற்றை இட்டால் குப்பை பெருமளவு விலகும். இரு பெயர்களுள் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும் எனில், இடையில் ‘ஆர்’ என்ற ஆங்கில இணைப்புச் சொல்லைப் பெரிய எழுத்துகளில் இடலாம். ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளியின்றித் தள முகவரியை எழுதினால் அத்தளத்துக்குள் மட்டும் தேடும். அவ்விடத்தில் தமிழக அரசின் ‘டி.என். புள்ளி ஜி.ஓ.வி. புள்ளி இன்’ என்ற முகவரி ஈற்றை இட்டால் செய்தித் தளங்கள் அனைத்தும் ஒதுங்கி அரசுத் தளங்கள் மட்டும் நிற்கும். அதே முறையில் ‘பைல்டைப்’ என்று எழுதி முக்காற்புள்ளிக்குப் பின் ‘பி.டி.எஃப்.’ இட்டால் கோப்புகள் மட்டும் வரும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் வெட்டப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. அதன் பெயரை வெறுமனே இட்டால் அறிக்கையைப் பழித்தும் புகழ்ந்தும் வந்த செய்திகளே குவியும். அறிக்கையைத் தேடுவோருக்கு இந்தக் கோப்புக் குறியே உதவும்.

‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ என்ற சொற்களோடு ஆண்டை இட்டுக் காலத்தையும் வரையறுக்கலாம். 2019-ஆம் ஆண்டின் அரசியல் பேச்சைத் தாண்டிப் பின்னோக்கிச் செல்ல இது நல்ல வழி. ஆனால் பொறி கணக்கிடுவது பக்கம் வெளியான நாளை. ஆவணம் பிறந்த நாளை அது அறியாது. 1892-ஆம் ஆண்டு ஆணையை ஒருவர் 2012-இல் தம் தளத்தில் ஏற்றியிருந்தால், ‘1900-க்கு முன்’ என்ற வரையறை அதை மறைத்துவிடும்.

தமிழில் தேடுவோர்க்குத் தனியே ஓர் எச்சரிக்கை. ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகள் மேற்கோள்குறியை எல்லா நோய்க்கும் மருந்தாகச் சொல்கின்றன. தமிழ்ச் சொல்லோ வேற்றுமை உருபேற்று வடிவம் மாறுவது. ‘பஞ்சமி நிலம்’ என்று குறிக்குள் அடைத்தால் பஞ்சமி நிலத்தை, பஞ்சமி நிலங்கள், பஞ்சமி நில மீட்பு ஆகிய வடிவங்கள் மட்டும் உள்ள பக்கங்கள் தப்பிவிடும். ‘நிலங்களை’, ‘நிலத்தை’, ‘நில மீட்பு’ எனத் தனித்தனியே தேடுவதே முறை. இத்துன்பம் குறைவாக இருப்பதாலேயே எண்கள் சிறந்த தேடுசொற்கள் ஆகின்றன. அரசாணை எண், வழக்கு எண், புல எண் ஆகியவற்றுக்கு உருபு கிடையாது.

ஊரின் பெயர், மாவட்டத்தின் பெயர்

உவரியைத் தேடினால் கப்பல் மாதா ஆலயமும் சுயம்புலிங்க சுவாமி கோயிலும் கடற்கரைப் படங்களும் வரும். ஜோ டி குரூஸின் ஊர் என்ற குறிப்பும் வரும். ‘உவரி’ உவர் நிலத்தோடும் கடலோடும் தொடர்புடைய பொதுச்சொல்லும் ஆகையால் அகராதிப் பக்கங்களும் இடையே நுழையும். ஊராட்சித் தீர்மானமோ நில ஆவணமோ வேண்டுபவருக்கு இவை உதவா. அரசு ஏடுகளில் தேட வேண்டிய பெயர் ‘கரைச்சுத்து உவரி’. அதை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ‘எஸ்’ இடுவோரும் ‘சி.ஹெச்.’ இடுவோரும் உண்டு. உவரியையும் ‘யு’வில் தொடங்கி ஒருமுறை, ‘ஓ’வில் தொடங்கி ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும்.

மாவட்டத்தின் பெயர் இன்னும் சிக்கலானது. ஆங்கிலேயர் கால ஏடுகள் ‘டின்னவெல்லி’ என்கின்றன. 1879-இல் ஸ்டூவர்ட் எழுதிய மாவட்டக் கையேட்டையும் 1917-இல் பேட் எழுதிய கெசட்டியரையும் காண அந்த எழுத்துக்கூட்டலே வாயில். 1986-இல் தூத்துக்குடிப் பகுதி பிரிந்து சிதம்பரனார் மாவட்டமாயிற்று. எஞ்சியது நெல்லை கட்டபொம்மன் மாவட்டம், திருநெல்வேலி கட்டபொம்மன் மாவட்டம் என்றெல்லாம் வழங்கியது. 1997-இல் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்குத் தேவேந்திர குலத்தவரான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டதும், ஆதிக்க சாதியினர் அப்பெயர் எழுதிய பேருந்தில் ஏற மறுத்துத் தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டதும் இத்தளத்தின் வாசகர்க்குப் புதிதன்று. அரசு கண்ட தீர்வு, எல்லா மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்குவது. ஒரு பெயரை ஏற்க மறுத்ததன் விளைவாகப் பல பெயர்கள் அகன்றன. இன்று 1990-களின் வன்கொடுமை வழக்கொன்றைத் ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்று மேற்கோளிட்டுத் தேடுபவர், ‘கட்டபொம்மன்’ இடையில் நிற்கும் தாள்களைக் காணாமலே போகிறார். 2019-இல் தென்காசி பிரிந்த பின் அப்பகுதி ஊர்களுக்கும் இதே நிலை. ஆகவே தேடும் ஆண்டில் அந்த ஊர் எந்த வட்டத்தில், எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஆற்றின் பெயரில் ஒரு நாள்

1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் கோரிக்கைகளுக்காக நெல்லை ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற பேரணியைக் காவல்துறை தாக்கியது. ஆற்றுக்குள் விரட்டப்பட்டும் அடிபட்டும் 17 பேர் இறந்தனர். இறந்தவர்களுள் ஒரு குழந்தையும் உண்டு. இதைத் ‘தாமிரபரணி’ என்று தேடினால் 2007-இல் வந்த திரைப்படமும் 2018-இல் நடந்த புஷ்கர விழாவும் முன்னால் நிற்கக் காணலாம். ‘தாமிரபரணி படுகொலை’ என்றால் இயக்கங்களின் பக்கங்களும், ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த ‘நதியின் மரணம்’ ஆவணப்படம் பற்றிய குறிப்புகளும் வரும். அவை நமக்குத் தேவை. ஆனால் அவை மட்டும் போதா. அரசுத் தரப்பு ‘படுகொலை’ என்று எழுதாது. ‘தடியடி’, ‘கலைத்தல்’, ‘நீரில் மூழ்கி’, ‘சம்பவம்’ ஆகியன அத்தரப்பின் சொற்கள். அவற்றோடு ‘நீதிபதி மோகன் ஆணையம்’ என்பதைச் சேர்த்தால்தான் மறுதரப்பின் ஏடுகள் வெளிப்படும். நான்கு சொற்களை நான்கு முறை தேடி, எந்தச் சொல்லை யார் எழுதுகிறார் என்று அட்டவணையிட்டால் அதுவே ஓர் ஆய்வு.

தோட்டத்தின் நிலத்தைப் பற்றி அறிய ‘மாஞ்சோலை’ என்ற பெயரும் போதாது. ஆங்கிலத்தில் ‘ஜே’யை அடுத்து ‘ஹெச்’ சேர்த்தும் சேர்க்காமலும் அதை எழுதுகின்றனர். நீதிமன்ற ஏடுகளோ ‘பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன்’ என்றும் ‘சிங்கம்பட்டி’ என்றும் பேசுகின்றன. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு நிலம் பெற்றது அந்நிறுவனம். சட்டத்தின் பார்வையில் வழக்கு என்பது நிறுவனத்துக்கும் அரசுக்கும் இடையிலானது. தொழிலாளியின் ஊர்ப்பெயர் தலைப்பில் வராது.

காலாவதியான விடை

இதுவரை கூறியவற்றில் தவறினால் இழப்பது அறிவு. சட்டத் தேடலில் தவறினால் இழப்பது வழக்கு. வன்கொடுமைப் புகாரோடு காவல் நிலையம் செல்பவரிடம் ‘முதலில் விசாரித்துவிட்டுத்தான் முதல் தகவல் அறிக்கை’ என்று சொல்லப்படுவதுண்டு. அவர் கைப்பேசியில் தேடினால் 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில் அளித்த தீர்ப்பு தென்படும். அதில் முதற்கட்ட விசாரணையும் கைதுக்கு மேலதிகாரியின் ஒப்புதலும் பேசப்பட்டிருக்கும். காவலர் சொன்னது சரியே என்று அவர் திரும்பிவிட வாய்ப்புண்டு. ஆனால் அவ்வாண்டே நாடாளுமன்றம் 18-ஏ பிரிவைச் சேர்த்து, முதல் தகவல் அறிக்கைக்கு முன் விசாரணை தேவையில்லை, கைதுக்கு ஒப்புதல் தேவையில்லை என்று எழுதியது. 2019 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றமே தன் முந்தைய கட்டளைகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரி 10 அன்று பிருத்விராஜ் சவுகான் வழக்கில் 18-ஏ செல்லும் என்றது. முதல் நோக்கில் இச்சட்டக் குற்றம் புலப்படாத புகார்களில் முன்பிணைக்கு மட்டும் இடம் விட்டது. ஆகவே ஒரு தீர்ப்பைக் கண்டதும் நிற்கக் கூடாது. அதன் பெயரோடு ‘மறு ஆய்வு’, ‘திருத்தச் சட்டம்’ ஆகியவற்றைச் சேர்த்து மீண்டும் ஒருமுறை தேட வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் இன்னொரு குழப்பம். குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்தது. பழைய 154 இப்போது 173. முன்பிணைக்குரிய பழைய 438 இப்போது 482. பழைய சட்டத்தில் 482 என்பதோ வழக்கை ரத்துச் செய்யும் உயர் நீதிமன்ற அதிகாரம். அது இப்போது 528. ‘வன்கொடுமை 482’ என்று தேடினால் முன்பிணைத் தீர்ப்புகளும் ரத்து மனுத் தீர்ப்புகளும் கலந்து வரும். எண்ணோடு சட்டத்தின் பெயரையும் ஆண்டு வரம்பையும் இடாதவர் எதிர்த்தரப்புக்கு உதவும் தீர்ப்பைத் தாமே எடுத்துக் கொடுத்துவிடக்கூடும்.

தீர்ப்புகளுக்குப் பொதுத் தேடுபொறியைவிட ‘இந்தியன் கானூன்’ தளமும், உச்ச நீதிமன்றத்தின் கட்டணமற்ற ‘இ-எஸ்.சி.ஆர்.’ தளமும் மேலானவை. இந்தியன் கானூனில் ‘ஆண்ட்’, ‘ஆர்’, ‘நாட்’ என்ற இணைப்புச் சொற்களின் இறுதி எழுத்தை இரட்டித்து எழுத வேண்டும் என்பது பலர் அறியாதது. நம் பகுதியின் வழக்குகளுக்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. மதுரைக் கிளை 2004 ஜூலையில் தொடங்கியது முதல் அதன் வழக்கு எண்களில் ‘எம்.டி.’ என்ற எழுத்துகள் அடைப்புக்குறிக்குள் வருகின்றன. ரிட் மனுவைக் குறிக்கும் ‘டபிள்யூ.பி.’ உடன் அவ்வெழுத்துகளையும் சேர்த்தால் தென்மாவட்ட வழக்குகள் தனியே பிரிந்து நிற்கும்.

தேடுபக்கத்தின் தலையில் இப்போது இயந்திரம் எழுதித் தரும் சுருக்கத்தை மட்டும் படித்து முடிப்போர் பெருகிவிட்டனர். பட்டியல் சாதிகள் ஆணையில் அடைப்புக்குறிகளுக்குள்தான் வாழ்வே இருக்கிறது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஏழு பெயர்களைத் ‘தேவேந்திரகுல வேளாளர்’ என்பதன்கீழ்க் கொண்டுவந்தது. ஆனால் அவற்றுள் கடையன் என்ற பெயரை அடுத்து, திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் கடலோரப் பகுதிகள் நீங்கலாக என்று எழுதியது. உவரிக் கரையில் வாழும் ஒரு குடும்பத்தின் சான்றிதழில் எப்பெயர் வர வேண்டும் என்பது அந்த அடைப்புக்குறியைப் பொறுத்தது. பரவன் என்ற பதிவும் அவ்வாறே. கன்னியாகுமரி மாவட்டத்துக்கும், ‘திருநெல்வேலி மாவட்டத்துச் செங்கோட்டை வட்டம்’ என்று 1976-ஆம் ஆண்டுச் சட்டம் குறித்த பகுதிக்கும் மட்டுமே அது உரியது. செங்கோட்டை இன்று தென்காசி மாவட்டம். தென்காசி என்று தேடுபவர் அந்த வரியைக் காணமாட்டார். சுருக்கம் அடைப்புக்குறியை விழுங்கிவிட வாய்ப்புண்டு. அரசிதழ்க் கோப்பைத் திறந்து முழு வரியையும் படிப்பதற்கு மாற்றில்லை.

இன்னொன்று, பல பக்கங்கள் ஒன்றையே சொல்வதால் அது பல சான்றாகிவிடாது. பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்ற எண் பக்கந்தோறும் வருகிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியதா, மூலக் கணக்கு எது என்று அந்த எண்ணைக் கால வரிசையில் பின்னோக்கித் தேடிப் பார்க்காமல் மனுவில் எழுதினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்விக்கு நம்மிடம் விடை இராது.

எவ்வளவு முயன்றும் தேடுபொறிக்குத் தென்படாதவை உண்டு. அரசு 2010-இல் யூனிகோடை ஏற்கும் முன் தட்டச்சான தமிழ்க் கோப்புகள் வேறு எழுத்துருக் குறியாக்கங்களில் உள்ளன. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் பொறிக்கு அவை பொருளற்ற எழுத்துக் குவியல். அவற்றை ஆணை எண்ணாலும் ஆங்கிலத் தலைப்பாலும்தான் அணுக முடியும். படமாக வருடி ஏற்றிய பக்கங்களும் அவ்வாறே. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் நூலின் தலைப்பில் மட்டும் தேடாமல் உள்ளடக்கத்தில் தேடும் தெரிவைச் சொடுக்கினால், பழைய கெசட்டியர்களின் வரிகள் ஓரளவு அகப்படும். பட்டா, ‘அ’ பதிவேடு, வழக்கு நிலவரம் போன்றவை படிவத்தை நிரப்பிய பின்னரே திறப்பவை. கூகுளால் அதற்குள் நுழைய முடியாது.

அங்கே தகவல் அறியும் உரிமைச் சட்டம் தொடங்குகிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு 6(1) பிரிவின்கீழ் வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்பினால் 30 நாள்களுக்குள் விடை தர வேண்டும். யு.டி.ஆர். எனப்படும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டையும் பிந்தையதையும் சேர்த்தே கேட்க வேண்டும். பெயர் எங்கே மாறியது என்பது இரண்டையும் அருகருகே வைத்தால்தான் தெரியும். மனுவில் ‘பஞ்சமி நிலம்’ என்று மட்டும் எழுதினால் ‘அப்படியொரு வகைப்பாடு இவ்வலுவலகப் பதிவேட்டில் இல்லை’ என்ற விடை வரக்கூடும். எழுத்தளவில் அது பொய்யாகவும் இராது. ‘டி.சி. நிலம், நிபந்தனை ஒப்படை நிலம், ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு ஒப்படை செய்யப்பட்ட நிலம்’ என எல்லாப் பெயர்களையும், கிராமத்தின் வருவாய்ப் பெயரையும், பழைய புல எண்ணையும் புதிய புல எண்ணையும் எழுதி, குறிப்புரைப் பத்தியோடு கூடிய முழுப்பக்க நகல் என்று கேளுங்கள்.